பெரணிக்குத் துரு பிடித்த வருடம்

அக்டோபர் 4

தங்கைக்கு,

உன் செடிகளுக்குத் துரு பிடித்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சமாதானம் பேசுவதற்கு என்று நினைத்துக்கொள்ளாதே.

வடக்குச் சுவரோரம் நீ விட்டுவிட்டுப் போன பெரணிகளைச் சொல்கிறேன். அவற்றின் சரியான பேர் எனக்குத் தெரியாது. பெல்ட் மாதிரி நீளமாகப் பளபளவென்று இருப்பதை நீ 'நாக்குநீட்டி' என்பாய். சீப்பு மாதிரிப் பல் பல்லாக இருக்கும் பெரியதை 'பெரியவர்' என்பாய். போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றலாம் என்று குனிந்தபோது பெரியவரின் இலை ஒன்று கையில் பட்டுத் திரும்பியது. அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளி, ஆணி அடித்த மாதிரி வரிசை வரிசையாக. நாக்குநீட்டிக்குக் கோடு கோடாக. முப்பது வருடமாகக் கார்களுக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறவனுக்குத் துருவைக் காட்டிக்கொடுக்க ஆள் வேண்டுமா? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

துருவை அப்படியே விட்டால் உள்ளே தின்றுவிடும். அதனால் ஒரு பேசினில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, பழைய பல் பிரஷால் ஒவ்வோர் இலையாகத் திருப்பித் தாங்கிப் பிடித்துத் தேய்த்தேன். சோப்பு போடவில்லை, உப்புத்தாளும் போடவில்லை. அந்த அளவுக்கு அறிவு உண்டு. இரண்டு சாயங்காலம் ஆனது. தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. அதைக் குழாயடிச் சுவரில் வீசி ஊற்றினேன். இப்போது ஓர் இலையில் ஒரு புள்ளி கிடையாது. ஷோரூமில் இருந்து வந்த மாதிரி இருக்கின்றன.

செடி வைக்கத் தெரிந்தவர்களுக்கு அதைப் பார்த்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். போன் பண்ணாதே. போனில் நீ அழுவாய், நான் கத்துவேன். இரண்டுக்கும் இனி வயதில்லை.

அண்ணன்

*

அக்டோபர் 11

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்து முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சமையலறையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். போனில் அழவில்லை, அதனால் உன் சட்டத்தை மீறவில்லை.

அது துரு இல்லை. பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. எல்லாவற்றையும் இலையின் முதுகில்தான் சுமக்கும். அந்தப் பழுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பொட்டலம். உள்ளே தூசியைவிடச் சன்னமாகத் தூள் இருக்கும். அது வெடித்துக் காற்றில் போய், ஈரமும் நிழலும் கிடைத்த இடத்தில் முளைக்கும். நீ பல் பிரஷால் தேய்த்துக் கழுவியது அதன் பிள்ளைகளை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான்.

இந்த மாதம் உன்னிடம் ஓர் உதவி கேட்க நினைத்திருந்தேன். பெரியவரின் இலை ஒன்றை வெட்டிக் காகித உறையில் போட்டு அனுப்பச் சொல்லலாம் என்று. இங்கே ஒரு சட்டியில் அந்தத் தூளைத் தூவி முளைக்க வைத்துப் பார்க்க ஆசை. செடியையே தோண்டி அனுப்பு என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை, அது அங்கே வேர் பிடித்துவிட்ட செடி. ஓர் இலை கேட்டால் கொடுப்பாய் என்று நம்பினேன். போகட்டும், அடுத்த வருடம் மறுபடி வரும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று தெரிந்தும் உன்னிடம் விட்டுவிட்டு வந்தவள் நான்தானே.

இந்த வீட்டுக்கும் ஒரு கொல்லை உண்டு. முழுக்க சிமெண்ட். காலையில் வரும் வெயில் சாயங்காலம் வரை நகர்வதில்லை. ஒரு புல்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளேயே வைத்திருந்தால் புளித்துப்போகும். பதிவு அலுவலகத்தில் "பொண்ணு வீட்டு சாட்சி யாரு?" என்று கேட்டார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கோபமாக இருந்தாலும் கடைசி நிமிடத்தில் வந்து, யாரோடும் பேசாமல் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போவாய் என்று நினைத்தேன். கடைசியில் அங்கே தரை துடைக்கிற அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான் போடறேம்மா, நீ அழாத" என்று கையெழுத்துப் போட்டார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

குளிர் வரப்போகிறது. பெரணிகளை என்ன செய்வது என்று கேட்டு எழுது. கேட்காமல் ஒன்றும் செய்யாதே.

உன் தங்கை

*

நவம்பர் 2

தங்கைக்கு,

பிள்ளைகள் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பல் பிரஷைக் கண்ணில் படாத இடத்தில் போட்டுவிட்டேன். தெரிந்தால் செய்வேனா? எத்தனை வருடம் அந்தச் சுவரோரம் குனிந்து குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாய். ஒரு நாளாவது கூப்பிட்டு, "இங்க பாரு, இது இன்னது" என்று காட்டியிருக்கிறாயா? "நீயும்தான் கேட்டதில்லை" என்பாய். சரி, கேட்டதில்லை.

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். நீயும் நியாயமாக யோசி. திரைச்சீலைக் கடையில் தைத்துக்கொண்டிருந்தவள் அந்தக் கட்டடத்து லிஃப்டில் மாட்டிக்கொண்டாய். ரிப்பேர் பண்ண வந்த ஆள் கதவுக்கு வெளியே நின்று உனக்குப் பயம் தெரியாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தார். அது போன வருடம். கல்யாணம் என்று என்னிடம் சொன்னது கல்யாணத்துக்கு முந்தின வாரம், அதுவும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு. ஒரு வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய், அதுவும் நான் சாப்பிடுகிற சோற்றில். "ஐம்பத்தோரு வயசில என்ன கல்யாணம்?" என்று நான் கேட்டது தப்புதான். ஆனால் நான் கேட்க வந்தது அது இல்லை. நீ போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

காலையில் இன்னமும் இரண்டு கப்பில் டீ ஊற்றுகிறேன். பழக்கதோஷம். பச்சைக் கோடு போட்ட உன் கப்பில் ஊற்றி முடித்த பிறகுதான் ஞாபகம் வரும். கொட்ட மனசு வராமல் அதையும் நானே குடித்துவிடுகிறேன். இப்படியே போனால் எனக்குள்ளேயே ஒரு டீக்கடை வைத்துவிடலாம்.

நேற்று முதல் உறைபனி. புல்லெல்லாம் உப்புத் தூவினது போல இருந்தது. பயப்படாதே, பட்டறையில் இருந்து காருக்குப் போடும் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து உன் செடிகள் எல்லாவற்றையும் மூடிக் கட்டிவிட்டேன். ஓரமெல்லாம் செங்கல் வைத்திருக்கிறேன். ஊசிக் காற்று உள்ளே போகாது. இந்தத் தடவை நீ குறை சொல்ல முடியாது.

அண்ணன்

*

நவம்பர் 8

அண்ணா,

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம். முதலில் போய் அந்த உறையை எடு.

எடுத்துவிட்டாயா? இப்போது படி. குளிர் அதற்குப் புதிது இல்லை. எல்லாச் செடியும் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும்போது பச்சையாகவே இருந்து பழகின செடி அது. குளிர் காலத்திலும் அதற்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் வேர்த்து வேர்த்து நடுக்கொண்டை அழுகிவிடும். இலைகளுக்கு நடுவே பழுப்பு மயிரோடு முட்டிக்கொண்டு ஒன்று இருக்கும் பார், அதுதான் அதன் உயிர். இலை போனால் திரும்ப வரும், கொண்டை போனால் போனதுதான். அதன் மேல் மண் போடாதே, தண்ணீர் ஊற்றாதே. வேரைச் சுற்றிச் சருகைப் பரப்பிவிட்டுச் சும்மா இரு. சும்மா இருப்பது உனக்கு வராது, எனக்குத் தெரியும்.

என்னையும் நீ இப்படித்தான் பார்த்துக்கொண்டாய். மழை தூறினால் கடை வாசலில் குடையோடு வந்து நிற்பாய். தலைவலி என்றால் என் சார்பில் நீயே கடைக்குப் போன் பண்ணி லீவு சொல்லிவிடுவாய். என்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலோடு அனுப்பினாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாய். எல்லாம் அக்கறைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊசிக் காற்று உள்ளே போகாது என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு மூச்சு முட்டியது.

எழுதிவிட்டேன். கிழித்துப் போட மாட்டேன்.

தங்கை

*

ஜனவரி 5

அன்புள்ள அண்ணா,

நவம்பரில் இருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்பது எனக்குப் புதிதா? நான் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன். பொய் எழுதவில்லை, ஆனால் அவ்வளவையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்க வேண்டாம்.

இங்கே நன்றாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் எதற்கு மறைக்க? வீடு நல்ல வீடு. அவரும் நல்லவர். ஆனால் ஒரு நாளைக்கு அவர் என்னிடம் பேசுவது இரண்டே வாக்கியம். "சாப்பிட்டாச்சா?" ஒன்று, "கதவைப் பூட்டிட்டியா?" இன்னொன்று. லிஃப்டுக்குள் நான் மாட்டிக்கொண்ட அன்றைக்கு வெளியே நின்று வாய் ஓயாமல் பேசிய மனிதர் இவர்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அவர் வேலைக்குப் போன பிறகு இங்கே எனக்குக் கடையும் இல்லை, தையல் மெஷினும் இல்லை. தெருவில் யாருக்கும் என்னைத் தெரியாது.

சமையலறைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கிறது. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கப் தொங்குகிறது. எல்லாம் அவருடைய முதல் மனைவி வாங்கி மாட்டியவை. அந்த அம்மா இறந்து நாலைந்து வருடம் ஆகிறது. காலி ஆணி ஒன்றுகூட இல்லை. நான் குடித்த கப்பைக் கழுவித் துடைத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் வைக்கிறேன். அவர் அதைப் பார்க்கிறார்.

உன் கடிதங்களைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். "படிக்கட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டார். அதில் என்ன ரகசியம் என்று கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "பெரணிக்கு வெயில் ஆகாதா?" என்றார். ஆகாது என்றேன். அன்றைக்கு நாலு வாக்கியம் ஆயிற்று.

உறையை எடுத்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது. ஒரு வார்த்தை போதும்.

உன் தங்கை

*

பிப்ரவரி 18

வாலுத் தங்கைக்கு,

எடுத்துவிட்டேன். நீ கேட்ட ஒரு வார்த்தை அதுதான்.

உன் நவம்பர் கடிதம் வந்த அன்றைக்கே எடுத்துவிட்டேன். நீ சொன்ன மாதிரியே உள்ளே வேர்த்துக் கிடந்தது. இரண்டு இலை கறுத்துவிட்டது. கொண்டையை விரலால் தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. நீ எழுதியது சரி. சரியாக எழுதியவளுக்கு என்ன பதில் எழுதுவது? அந்த இரண்டு பேர் விஷயம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது அதையும் விட்டுவிட்டேன்.

ஜனவரி முழுக்கப் பனி. செடி இருந்த இடமே தெரியவில்லை. போன வாரம் உருகியதும் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ரோஜாவெல்லாம் வெறும் குச்சி. புல் வைக்கோலாகிவிட்டது. உன் பெரணி மட்டும் தரையோடு படுத்துக்கொண்டு, பனியை உதறிவிட்டுப் பச்சையாக இருக்கிறது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்த வீட்டில் நீ போனது இது ஒன்றுக்கு மட்டும் தெரியவில்லையே என்று. பிறகு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதைவிட அது தேவலை. இப்போது பட்டறை விட்டு வந்ததும் கோட்டுகூடக் கழற்றாமல் நேராக அங்கேதான் போகிறேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நடுவில் காய்ச்சல் வந்து படுத்திருந்தேன். அரைத் தூக்கத்தில், "வாலு, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி, "யாரைக் கூப்பிடறீங்க? ஆள் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். ரேடியோ என்று சொல்லிவிட்டேன்.

காலி ஆணி இல்லை என்று நீ எழுதியதைப் படித்ததில் இருந்து எனக்கு ஆறவில்லை. அந்த லிஃப்ட் ஆளுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெரணியில் சில இலை ஓரம் கருகியிருக்கிறது. வெட்டலாமா? உன்னைக் கேட்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணா,

வாலு என்று உன் கையெழுத்தில் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று. புதுச் சுருள் தலை தூக்கும் வரை பழைய இலையை வெட்டாதே என்று நான் போட்ட கார்டு உனக்குக் கிடைத்ததும், நீ காத்திருந்து வெட்டியதும் உன் கார்டில் தெரிந்தது. "கைக்குழந்தை விரலை மூடி வைத்திருப்பது போல நடுவில் இருந்து எழுந்து வருகிறது" என்று எழுதியிருக்கிறாய். நீயா எழுதினாய்? இரண்டு தடவை கார்டைத் திருப்பிப் பார்த்தேன்.

ஒன்று கேட்கிறேன். நான் திரும்பி வந்துவிடட்டுமா?

சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. போன சில வாரங்களாக வேலை விட்டு வந்ததும் அவர் கொல்லைக்குப் போய்விடுகிறார். எங்கிருந்தோ மரச்சட்டங்கள் கொண்டுவந்து டொக்கு டொக்கென்று ஆணி அடித்துக்கொண்டே இருக்கிறார். வெயில் வரும் பக்கம் முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்திவிட்டார், மேலேயும் குறுக்கே அடித்துவிட்டார். சிமெண்டை வேறு ஒரு பக்கம் உடைத்துப் போட்டிருக்கிறார். சமையலறை ஜன்னலுக்கு வந்துகொண்டிருந்த வெளிச்சமும் போய்விட்டது. இன்னது செய்கிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்க நான் யார்? அவர் வீடு, அவர் கொல்லை, அந்த அம்மாவின் கப்புகள். நான் விருந்தாளி மாதிரி ஓரமாக நின்று பார்க்கிறேன். விருந்தாளி என்றால் கிளம்பும் நாளை அவளேதான் சொல்ல வேண்டும்.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் இருந்து வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். என் அறை அப்படியே இருக்கிறதா, பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிவிட்டாயா? வா என்று ஒரு வரி எழுது. அது கிடைத்த வாரமே சனிக்கிழமை பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்.

உன் வாலு

*

மே 2

அன்புள்ள வாலு,

வா என்று எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். உன் அறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். அங்கே பெயிண்ட் டப்பா ஒன்றும் இல்லை, நீ போன பிறகு நான் அந்த அறைக்குள் போனதே இல்லை. மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டேன். உன் கப்பைத் தேய்த்துக் கவிழ்த்தேன். சனிக்கிழமைக்குப் பட்டறையில் லீவு சொன்னேன். "என்னண்ணே, முகத்துல லைட்டு எரியுது?" என்று அங்கே எல்லோரும் கேலி பண்ணினார்கள்.

தபால் பெட்டி வரை போய்விட்டேன். போகிற வழியில் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன், சந்தோஷத்தை இன்னொரு தடவை அனுபவிக்கலாம் என்றுதான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அவர் அடித்திருக்கும் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா, விரல் நுழையும் அளவுக்கு? நான் பார்க்காமலேயே சொல்கிறேன், இருக்கும். கூரை போடுகிறவன் இடைவெளி விட மாட்டான், மறைப்புக் கட்டுகிறவனும் விட மாட்டான். வெயிலை வடிகட்டி இறக்குகிறவன்தான் விடுவான். சிமெண்டை எதற்கு உடைக்கிறார்? அடியில் இருக்கும் மண் வேண்டும் என்று. பெரணிக்கு வெயில் ஆகாதா என்று அவர் கேட்டதாக நீயேதான் எழுதியிருக்கிறாய். அன்றைக்குக் கேட்ட மனிதர் குளிர் முடியும் வரை யோசித்துவிட்டு இப்போது சுத்தியலை எடுத்திருக்கிறார். மக்கு, அவர் உன் செடிக்கு நிழல் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் சனிக்கிழமை நீ இங்கே இருந்திருப்பாய். எனக்கு அந்த ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. நீ போனதில் இருந்து எனக்கு வேறு ஆசையே கிடையாது. ஆனால் உன்னைத் தேடி வந்தவர்களை நான் ஏற்கனவே இரண்டு தடவை வாசலோடு அனுப்பியிருக்கிறேன். இன்னொரு தடவை அதைச் செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள், எதற்கு அடிக்கிறீர்கள் என்று. முகத்தைப் பார்த்துக் கேட்காதே. அவருக்கு நடுவில் ஒரு கதவு இருந்தால்தான் பேச்சு வரும் போலிருக்கிறது. நான் சொன்ன பதில் வராவிட்டால் உடனே கிளம்பி வா. மெத்தை காய்ந்துதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். குழாயடிச் சுவரில் பாசி மாதிரி என்னவோ பச்சையாகப் படர்ந்திருக்கிறது. அன்றைக்குத் தேய்த்த தண்ணீரை வீசி ஊற்றினேனே, அதே இடம். கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு போய்விட்டு, கை வராமல் திரும்பிவிட்டேன். தேய்க்கலாமா?

அண்ணன்

*

மே 9

அண்ணா! தேய்க்காதே! அந்தப் பக்கம் பிரஷோடு போகவே போகாதே!

அது பாசி இல்லை. கிட்டே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு பார். கடுகு அளவில் சின்னச் சின்ன வெற்றிலை ஒட்டி வைத்தது போல இருக்கிறதா? இருந்தால் அது பெரணிதான். தூள் முதலில் அப்படித்தான் முளைக்கும். பிறகு ஒவ்வொன்றின் அடியில் இருந்தும் நிஜச் செடி ஒன்று எட்டிப் பார்க்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நான் சட்டி வைத்து, மூடி போட்டு, பார்த்துப் பார்த்து முளைக்க வைக்க நினைத்ததை நீ பேசின் தண்ணீரைச் சுவரில் வீசி முளைக்க வைத்திருக்கிறாய். அது காயாமல் பார்த்துக்கொள். குழாய் ஒழுகுகிறது என்று முன்பெல்லாம் திட்டுவேனே, அதைச் சரி பண்ணிவிடாதே.

கேட்டுவிட்டேன். அவர் கொல்லையில் அடித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக் கதவைச் சாத்தி உள்ளே நின்றுகொண்டு, "எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன். சுத்தியல் சத்தம் நின்றது. பிறகு, "செடி வந்தா வெயில் படக்கூடாதுல்ல" என்றார். "சட்டம் இவ்வளவு நெருக்கமா இருக்கணுமா, இன்னும் விடணுமான்னு உங்கண்ணனைக் கேக்கணும். அவருக்கு என்னைப் பிடிக்காது. எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியலை" என்றார். கதவு சாத்தியிருந்ததால் நிறையப் பேசினார். கப்புகளைப் பற்றியும் பேசினார். "எடுத்தா நீ தப்பா நினைப்பியோ, எடுக்காட்டி தப்பா நினைப்பியோன்னு ஒண்ணும் புரியலை. அதான் அப்படியே விட்டுட்டேன்" என்றார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பிறகு கதவைத் திறந்து, வெளியே போய்ச் சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அடித்தார்.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

வா என்று எழுதிய அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டாயா? கிழிக்கவில்லை என்றால் அனுப்பு. வர மாட்டேன், பயப்படாதே. வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் வாலு

*

ஏப்ரல் 16

அன்புள்ள வாலு,

நீ தேய்க்காதே என்று கத்தி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னொரு குளிர் காலமும் போய்விட்டது. இலையுதிர் காலத்தில் நான் பத்திரமாக அனுப்பிய இலை வழியிலேயே பூசணம் பிடித்துப்போனதில் உனக்கு வருத்தம் என்று தெரியும். அதனால் இந்தத் தடவை தபாலை நம்பப்போவதில்லை. நானே வருகிறேன்.

குழாயடிச் சுவரில் இப்போது விரல் நீளத்துக்குப் பெரணிக் குஞ்சுகள். நாக்குநீட்டி எது, பெரியவர் எது என்று பல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். செங்கல்லின் சந்தில் வேர் விட்டிருக்கின்றன. பிடுங்கினால் அறுந்துவிடும் என்று செங்கல்லையே பெயர்த்துவிட்டேன். உளியை வைத்துச் சுற்றிலும் காரையைக் கொத்தி, நாள்கணக்கில் பொறுமையாக. பட்டறையில் பார்த்தால் நம்ப மாட்டார்கள், நான் ஒரு வேலையை இவ்வளவு மெதுவாகச் செய்தேன் என்று. சுவரில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை இருக்கிறது. காற்று அடிக்கிறது. அடைக்கலாம், அவசரம் இல்லை.

செங்கல்லை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருவேன். செங்கல்லோடு வருகிற ஆளைப் பார்த்து உங்கள் தெருவில் யாரும் பயப்படாமல் பார்த்துக்கொள். அவர் சிமெண்டை உடைத்து வைத்திருக்கும் இடத்து மண்ணில் அதை அப்படியே பாதி புதைத்துவிடலாம், செடி தானாக மண்ணைத் தேடிப் போகும். இடம் மாற்றின வருடம் அது வளராமல் முறைத்துக்கொண்டிருக்கும் என்று நீதான் எழுதியிருக்கிறாய். இருந்தால் இருக்கட்டும். நான் எவ்வளவு நாள் முறைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டங்களுக்கு நடுவே இடைவெளி போதுமா என்று உன் வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம் இருந்ததே, அதை வந்து பார்த்துச் சொல்கிறேன். பதிவு அலுவலகத்துக்குத்தான் வரவில்லை, இதற்காவது சாட்சியாக நிற்கிறேன்.

நீ கேட்ட அந்தக் கடிதத்தை அனுப்பப்போவதில்லை. அது என்னிடமே இருக்கட்டும். எனக்கு அது வேண்டியிருக்கிறது.

காலையில் ஒரு கப் டீ போடப் பழகிவிட்டேன். பழகிவிட்டேன் என்றால் பொய், பழகிக்கொண்டிருக்கிறேன். பச்சைக் கோடு போட்ட உன் கப்பையும் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துவிட்டேன். அந்த அம்மாவின் கப்புகளில் ஒன்றைக்கூட எடுக்க வேண்டாம். வரிசையின் ஓரமாகப் புதிதாக ஓர் ஆணி அடித்து வைக்கும்படி மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

அண்ணன்